உலக பீட்சா தினத்துக்கு வீட்டிலேயே பீட்சா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜனவரி 17 உலக பீட்சா தினம். அன்றைக்கு வீட்டில் பீட்சா செய்து, வேண்டியவர்கள் நாலு பேரைக் கூப்பிட்டுச் சேர்ந்து சாப்பிட நினைப்பவர்களுக்கு வழக்கமாக வரும் சந்தேகங்களுக்கான பதில்கள் இவை. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டு பீட்சா சொதப்புவது பெரும்பாலும் டாப்பிங் குறைந்துபோய் அல்ல, கூடிப்போய்த்தான். எத்தனை வகை போடலாம் என்று கணக்குப் போடுவதைவிட, போடுகிற பொருளில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும். கீழே உள்ள பல பதில்கள் சுற்றிச் சுற்றி இந்த இடத்துக்குத்தான் வரும்.

ஏன் ஜனவரி 17?

கத்தோலிக்கத் திருநாள் வரிசையில் அது வனத்து அந்தோணியாரின் நாள். (பதுவை அந்தோணியார் வேறு, அவருக்கு ஜூன் 13.) நெருப்போடு சேர்த்து வணங்கப்படும் புனிதர் அவர். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் அடுப்பே கதியாக வாழும் ரொட்டிக்காரர்களும் பீட்சா கலைஞர்களும் அவரைத் தங்கள் காவலராகக் கருதுகிறார்கள். அதனால்தான் அந்தத் தேதி. 2017 டிசம்பரில் யுனெஸ்கோ, நேப்பிள்ஸ் பீட்சா கலைஞர்களின் தொழில்திறனை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் இடம்பெற்றது பீட்சா என்ற பண்டம் அல்ல, மாவைத் தட்டி, விரித்து, சுட்டெடுக்கும் கைவேலை. எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம். கொண்டாட வேண்டியது அந்தக் கைவேலையைத்தான் என்றால், வாங்கிச் சாப்பிடுவதைவிட ஒருமுறையாவது நாமே மாவில் கை வைப்பதுதான் பொருத்தம்.

வேறு தேதியில் கொண்டாடக் கூடாதா?

தாராளமாகக் கொண்டாடலாம். அமெரிக்காவில் பிப்ரவரி 9 தேசிய பீட்சா தினம். அங்கேயே செப்டம்பர் 5 சீஸ் பீட்சாவுக்கான நாள். நவம்பர் 12, நெத்திலியைத் தவிர எல்லாவற்றையும் போட்ட பீட்சாவுக்கான நாள். இந்தக் கடைசி நாளுக்கு மட்டும் நான் ஆதரவாளன் அல்ல. எல்லாவற்றையும் போட்டால் எதன் ருசியும் நாக்கில் நிற்காது. உப்பில் பதப்படுத்திய நெத்திலியைத் தள்ளி வைப்பதும் நியாயமில்லை, ரெண்டு துண்டு போதும், மொத்த பீட்சாவுக்கும் ஆழமான ஒரு ருசி வந்துவிடும்.

மாவை எப்போது பிசைய வேண்டும்?

முந்தின நாள். கொண்டாட்டம் சனிக்கிழமை இரவு என்றால் வெள்ளிக்கிழமை இரவே மாவு ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். குளிரில் ஈஸ்ட் மெதுவாக வேலை செய்யும். அந்த நேரத்தில் மாவில் இருக்கும் நொதிகள் மாவுச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக உடைக்கும். ருசி கூடுவதும், சுடும்போது ஓரம் நன்றாகச் சிவப்பதும் இதனால்தான். இன்னொரு லாபம், மாவு தளர்ந்து, இழுத்த இழுப்புக்கு வரும். 24 மணி நேரம் வைத்தாலே வித்தியாசம் தெரியும். 72 மணி நேரம் வரை தாங்கும்.

அன்றைக்கே செய்துதான் ஆக வேண்டும் என்றால் ஈஸ்ட்டைக் கூட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் பிசைந்து, ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் முடிக்கலாம். வயிறு நிறையும், ஆனால் ருசி ஒரு படி குறைவாகத்தான் இருக்கும்.

மாவுக்கு அளவு என்ன?

25 சென்டிமீட்டர் அகலத்தில் நாலு பீட்சாவுக்கு: மாவு 600 கிராம், தண்ணீர் 380 கிராம், தூள் உப்பு 14 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 2 கிராம், ஆலிவ் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. அன்றைக்கே செய்வதாக இருந்தால் ஈஸ்ட் மட்டும் 6 கிராம். கப், ஸ்பூன் கணக்கைவிடத் தராசு நல்லது. மாவை அள்ளும் விதத்தைப் பொறுத்தே ஒரு கப்பின் எடை கணிசமாக மாறும், அப்புறம் தண்ணீர்க் கணக்கு தப்பிவிடும்.

மாவு, தண்ணீர், ஈஸ்ட் மூன்றையும் கலந்து இருபது நிமிடம் மூடி வையுங்கள். பிறகு உப்பும் எண்ணெயும் சேர்த்துப் பத்து நிமிடம் பிசையுங்கள். முதலில் கையில் ஒட்டும். ஒட்டுகிறதே என்று மேலும் மேலும் மாவைத் தூவாதீர்கள், சுட்ட பிறகு தடிதடியாக வறண்டு போகும். பிசையப் பிசைய மேல்பரப்பு வழவழவென்று வந்துவிடும். ஒரு மணி நேரம் வெளியே வைத்து, நாலு உருண்டையாகப் பிரித்து, எண்ணெய் தடவிய டப்பாக்களில் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். சுடுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்துவிட வேண்டும். குளிர்ந்த மாவு விரியாது.

சாதாரண மைதா போதுமா?

போதும். புரதம் அதிகமுள்ள ரொட்டி மாவு கிடைத்தால் இழுவை நன்றாக இருக்கும். பாக்கெட்டில் 100 கிராமுக்குப் புரதம் 11 கிராமுக்கு மேல் என்று போட்டிருந்தால் தயங்காமல் எடுக்கலாம். அதைவிடக் குறைவான மைதா என்றால் தண்ணீரை இருபது முப்பது கிராம் குறைத்துக்கொள்ளுங்கள். முழுக் கோதுமை மாவு சேர்க்க ஆசைப்பட்டால் மூன்றில் ஒரு பங்கு வரை சேர்க்கலாம், அது தண்ணீரைக் கூடுதலாக உறிஞ்சும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

பூரிக்கட்டையால் தேய்க்கலாமா?

தேய்த்தால் பீட்சா வரும், ஆனால் ஓரம் உப்பி வராது. இரவு முழுக்க மாவுக்குள் சேர்ந்த காற்றைக் கட்டை ஒரே நிமிடத்தில் வெளியேற்றிவிடும். விரல்தான் சரி. மேடையில் மாவு தூவி, உருண்டையை வைத்து, நடுவிலிருந்து வெளியே போகிற மாதிரி விரல் நுனிகளால் அழுத்துங்கள். ஓரத்தில் ஒரு சென்டிமீட்டரைத் தொடவே கூடாது. காற்று அந்த ஓரத்தில்தான் போய் ஒதுங்கும். குமிழிகள் மேல்தோலுக்கு அடியில் அசைவது கண்ணுக்கே தெரியும். உள்ளங்கை அகலத்துக்கு இருமடங்கு ஆனதும் தூக்கி, மூடிய கைகளின் முட்டி மேல் போட்டு, மெதுவாகச் சுற்றுங்கள். அதன் எடையே அதை இழுத்துவிடும். ரப்பர் மாதிரி சுருங்கி வந்தால் மல்லுக்கட்ட வேண்டாம், பத்து நிமிடம் மூடி வைத்துவிட்டுத் திரும்ப வாருங்கள். ஓட்டை விழுந்தால் ஓரத்திலிருந்து கொஞ்சம் மாவை இழுத்து மடித்து ஒட்டிவிடலாம். வட்டமாகத்தான் வர வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

ஓவனை எவ்வளவு சூட்டில் வைப்பது?

எவ்வளவு போகுமோ அவ்வளவும். நேப்பிள்ஸில் விறகு அடுப்பில் 400 டிகிரி செல்சியஸுக்கும் மேலான சூட்டில் 60 முதல் 90 விநாடிக்குள் பீட்சா வெந்துவிடும். வீட்டு ஓவன்கள் பெரும்பாலும் 250 டிகிரியோடு நின்றுவிடும். அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுவது, பீட்சா உட்காரும் பரப்பு. பீட்சா கல் அல்லது கனமான இரும்புத் தகட்டை உள்ளே வைத்து முக்கால் மணி நேரமாவது சூடேற்றுங்கள். ஓவன் விளக்கு பத்து நிமிடத்திலேயே தயார் என்று காட்டும், நம்பிவிடாதீர்கள். காற்றுத்தான் சூடாகியிருக்கும், கல் ஆகியிருக்காது. கல்லைவிட இரும்பு வெப்பத்தை வேகமாக மாவுக்குள் கடத்தும். இரண்டும் இல்லையென்றால் கனமான பேக்கிங் தட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சூடேற்றி, அதன் மேல் சுடலாம்.

கல்லின் மேல் 7 முதல் 10 நிமிடம் ஆகும். கடைசி ஒரு நிமிடம் மேல்பக்க கிரில்லைப் போட்டால் சீஸில் அங்கங்கே பழுப்பு விழும். அந்த ஒரு நிமிடம் அங்கேயே நிற்க வேண்டும், கருகுவதற்கு அரை நிமிடம் போதும்.

ஒரு சின்ன விஷயம்: மேலே சொன்ன எண்ணெய், நேப்பிள்ஸ் முறைப்படியான மாவில் கிடையாது. வீட்டு ஓவனில் பீட்சா அதிக நேரம் இருப்பதால் காய்ந்து போகாமல் இருக்கத்தான் சேர்க்கிறோம்.

சாஸைக் காய்ச்ச வேண்டுமா?

வேண்டாம் என்பது என் கட்சி. டின்னில் வரும் முழுத் தக்காளியை வடிகட்டி, கையால் நசுக்கி, உப்புப் போட்டால் சாஸ் தயார். தக்காளியின் புதுவாசம் அப்படியே இருக்கும், ஓவனுக்குள் அது எப்படியும் ஒருமுறை வேகப்போகிறது. புதுத் தக்காளி பயன்படுத்தினால் கதை வேறு. அதில் தண்ணீர் அதிகம், அதனால் தோலுரித்து, விதை நீக்கி, கெட்டியாகும் வரை சுண்டவைப்பதுதான் சரி. ஒரு பீட்சாவுக்கு மூன்று மேசைக்கரண்டி போதும். சாஸுக்கு நடுவே மாவு அங்கங்கே எட்டிப் பார்க்க வேண்டும்.

எந்த சீஸ்?

மொசரெல்லாதான் அடிப்படை. அதில் இரண்டு வகை உண்டு என்பதுதான் பலரும் கவனிக்காதது. தண்ணீரில் மிதந்து வரும் மென்மையான பந்து ஒன்று. அதன் எடையில் பாதிக்கும் மேல் தண்ணீர். அப்படியே போட்டால் பீட்சாவின் நடுவில் குளம் கட்டும். துண்டு போட்டு, சல்லடையில் ஒரு மணி நேரம் வடியவிட்டு, துணியில் ஒற்றி எடுத்துப் பயன்படுத்துங்கள். இன்னொன்று ஈரம் குறைந்த, கெட்டியான கட்டி. வீட்டு ஓவனின் நீண்ட சமையலுக்கு இதுதான் தோது, இழுத்தால் நூலாக வருவதும் இதுதான்.

துருவியே விற்கும் சீஸில் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க மாவுச்சத்தோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள். அது உருகுவதைக் கொஞ்சம் கெடுக்கும். கட்டியாக வாங்கி நீங்களே துருவுவது ரெண்டு நிமிட வேலைதான். ஒரு பீட்சாவுக்கு 80 கிராம் போதும். பார்மெசான் ஒரு பிடி சேர்த்தால் உப்பும் ருசியும் கூடும். செடார் நிறைய எண்ணெய் விடும், தனியாகப் போடாமல் கொஞ்சமாகக் கலந்துகொள்ளுங்கள்.

எத்தனை டாப்பிங் போடலாம்?

சாஸ், சீஸ் போக இரண்டு. தாராளமானவர்களுக்கு மூன்று. அதற்கு மேல் போனால் மாவு நடுவில் வேகாது. மேலே இருக்கும் காய்கறிகள் தண்ணீர் விட, அது ஆவியாகி முடிவதற்குள்ளேயே ஓரம் வெந்துவிடும். ஓரம் முறுகல், நடு களி. விருந்தாளிகளுக்குப் பத்து வகை கொடுக்க ஆசையா? மேசையில் பத்துக் கிண்ணம் வையுங்கள், ஒரு பீட்சாவுக்கு மூன்று என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

காய்கறி, இறைச்சியை எப்படித் தயார் செய்வது?

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும் என்பேன். காளானில் 90 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர். அதை உப்புப் போடாமல் சூடான வாணலியில் போட்டு, விடும் தண்ணீர் வற்றி ஓரம் பழுக்கும் வரை வதக்குங்கள், உப்பு அதற்குப் பிறகு. பச்சையாகப் போட்டால்தான் பிடிக்கும் என்றால் காகிதம் போல மெல்லிசாக நறுக்கி, சீஸுக்கு மேலே பரப்புங்கள். சீஸுக்கு அடியில் போனால் ஆவி வெளியேற வழி இருக்காது.

குடைமிளகாயை நெருப்பில் சுட்டுத் தோலுரித்துக் கீற்றாக நறுக்கினால் இனிப்பு ஏறும். வெங்காயத்துக்கு இரண்டு வழி: மெல்லிசாக நறுக்கிப் பச்சையாகப் போடலாம், அல்லது சின்னத் தீயில் முக்கால் மணி நேரம் வதக்கிப் பொன்னிறமாக்கலாம். இடைப்பட்ட தடியான துண்டு பாதி வெந்து பல்லில் சிக்கும். கீரையை ஒரு நிமிடம் வதக்கிப் பிழிந்துவிடுங்கள். பிழியும்போது வரும் பச்சைத் தண்ணீரைப் பார்த்தால், இது பீட்சா மேல் கொட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று புரியும். கத்தரிக்காய் வட்டங்களுக்கு உப்புத் தடவி, துடைத்து, எண்ணெயில் வறுத்துக்கொள்ளுங்கள். தக்காளி வட்டங்களுக்கும் உப்புத் தடவி ஒற்றி எடுக்க வேண்டும். ஆலிவ், மக்காச்சோளம் போன்ற டின் சமாசாரங்களை வடித்துத் துணியில் புரட்டினால் போதும்.

பூண்டைப் பொடியாக நறுக்கி மேலே தூவினால் கருகிக் கசக்கும். எண்ணெயில் குழைத்து சாஸுக்கு அடியில் தடவுங்கள், வாசம் மாவுக்குள்ளேயே இறங்கும்.

கோழியோ வேறு பச்சை இறைச்சியோ என்றால் முழுதாக வேகவைத்த பிறகே மேலே போக வேண்டும். பீட்சா ஓவனில் இருக்கும் சில நிமிடத்தை நம்பக் கூடாது. சலாமி, பெப்பரோனி போன்றவற்றை அப்படியே போடலாம். அவை கொழுப்பு விடும் என்பதால் சீஸைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். முட்டை பிடிக்குமானால் பாதி வெந்ததும் வெளியே இழுத்து, நடுவில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, திரும்ப உள்ளே தள்ளுங்கள்.

அன்னாசி போடலாமா, கூடாதா?

போடலாம். ஹவாயன் பீட்சா ஹவாயில் பிறந்ததல்ல. கிரேக்கத்தில் பிறந்து கனடாவில் குடியேறிய சாம் பனோபுலோஸ், 1962ல் ஒன்டாரியோ மாகாணத்தின் சாத்தம் ஊரில் இருந்த தன் உணவகத்தில், டின் அன்னாசியை எடுத்து பீட்சா மேல் போட்டுப் பார்த்தார். 2017ல் ஐஸ்லாந்து அதிபர் குவுட்னி யோகன்னஸன், முடிந்தால் அன்னாசி பீட்சாவைத் தடை செய்வேன் என்று பள்ளி மாணவர்களிடம் விளையாட்டாகச் சொல்லப்போய், அது உலகச் செய்தியாகி, தனக்கு அப்படி ஓர் அதிகாரம் இல்லை என்று அவரே விளக்கம் தர வேண்டியதாயிற்று.

அன்னாசி பிடிக்காது என்பவர்களில் பலருக்கு உண்மையில் பிடிக்காதது அந்த ஈரம்தான் என்பது என் எண்ணம். துண்டுகளை வடித்து, எண்ணெய் இல்லாத வாணலியில் இரண்டு பக்கமும் பழுக்கும் வரை சுட்டுப் போடுங்கள். புளிப்பு அடங்கி, இனிப்பு தூக்கும். கூடவே காரமான ஏதாவது ஒன்று, பச்சை மிளகாய் வட்டமோ மிளகாய் எண்ணெயோ, இருந்தால் இனிப்பும் உப்பும் காரமும் சரியாகச் சேரும்.

சுட்ட பிறகு போட வேண்டியவை எவை?

ரொக்கெட் கீரை, பதப்படுத்திய பன்றி இறைச்சியின் மெல்லிய சீவல்கள், நல்ல ஆலிவ் எண்ணெய், தேன், எலுமிச்சைத் தோல் துருவல். இவை சூட்டில் வீணாகும். பேசில் இலையை முன்னாலேயே போடுவதானால் சீஸுக்கு அடியில் ஒளித்து வையுங்கள். நான் வெளியே எடுத்ததும்தான் போடுவேன், சூடான சீஸ் மேல் விழுந்ததும் எழும் வாசத்துக்காகவே.

ஒன்றுமே போடாமல் வெறும் பீட்சா செய்யலாமா?

அதுதான் உண்மையான பரீட்சை. 1889ல் நேப்பிள்ஸுக்கு வந்த ராணி மார்கெரிட்டாவுக்காக ரஃபாயேலே எஸ்போசிட்டோ தக்காளி, மொசரெல்லா, பேசில் வைத்து மார்கெரிட்டா பீட்சாவைச் செய்தார் என்று சொல்வார்கள். அந்தக் கதையை வரலாற்று ஆய்வாளர்கள் சிலர் ஏற்பதில்லை. அப்படிப்பட்ட பீட்சா அதற்கு முன்பே இருந்தது என்கிறார்கள். எப்படியானாலும் பொருள் மூன்றுதான். இன்னும் எளிமை வேண்டுமானால் மரினாரா: தக்காளி, பூண்டு, ஒரிகானோ, ஆலிவ் எண்ணெய். சீஸே கிடையாது. பால் பொருள் சாப்பிடாத விருந்தாளி இருந்தால் போலிச் சீஸ் தேடி அலைய வேண்டாம், இதைச் செய்து கொடுங்கள். முதல் பீட்சாவை இப்படி ஏதாவது எளியதாகவே சுடுவது நல்லது. ஓவன் எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்துவிடும்.

ஆள் நிறைய வந்தால் எப்படிச் சமாளிப்பது?

ஒரே நேரத்தில் எல்லோருக்கும் சூடாகக் கொடுக்க முடியாது, அதற்கு முயலவும் வேண்டாம். ஒன்று வெளியே வந்ததும் துண்டு போட்டு எல்லோரும் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளட்டும், அதற்குள் அடுத்தவர் தன் மாவை விரிக்கட்டும். ஒவ்வொரு பீட்சாவுக்கும் இடையில் கல் திரும்பச் சூடேற ஐந்து நிமிடம் கொடுங்கள். பிள்ளைகள் இருந்தால் மாவை விரித்துச் சாஸ் பூசும் வேலையை அவர்களிடம் விட்டுவிடலாம். பச்சை மாவைத் தின்னாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், ஓவன் பக்கம் பெரியவர் ஒருவர் நிற்கட்டும்.

மாவை விரித்த பலகையில் ரவையைத் தூவினால் பீட்சா ஒட்டாமல் கல்லுக்கு வழுக்கிப் போகும். டாப்பிங் போட்டுவிட்டு அரட்டையில் இறங்கினால் ஒட்டிக்கொள்ளும். போட்ட உடனே உள்ளே தள்ளிவிட வேண்டும்.

ஓவன் இல்லையென்றால்?

அடி கனமான வாணலியும் மூடியும் போதும். வாணலியை நன்றாகச் சூடாக்கி, விரித்த மாவைப் போட்டு, அடிப்பக்கம் பழுப்புப் புள்ளி விழும் வரை இரண்டு மூன்று நிமிடம் வேகவிடுங்கள். திருப்பிப் போட்டு, வெந்த பக்கத்தின் மேல் சாஸ், சீஸ், டாப்பிங் பரப்பி, தீயைக் குறைத்து மூடுங்கள். நாலைந்து நிமிடத்தில் சீஸ் உருகிவிடும். மேல்பக்கம் சிவக்காது, ஆவியும் உள்ளேயே சுற்றும், அதனால் டாப்பிங்கை இன்னும் குறைத்து, எல்லாவற்றையும் முன்கூட்டியே வதக்கிக்கொள்ளுங்கள்.

மிஞ்சியதை என்ன செய்வது?

சுட்ட பீட்சா மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், மூன்று நாள் இருக்கும். மைக்ரோவேவில் சூடாக்கினால் அடி தொளதொளவென்று ஆகிவிடும். வாணலியில் வைத்து மிதமான தீயில் இரண்டு நிமிடம் அடியை முறுகவிட்டு, ஓரமாக நாலைந்து சொட்டுத் தண்ணீர் தெளித்து, ஒரு நிமிடம் மூடுங்கள். அடி மொறுமொறுவென்றும் சீஸ் இளகியும் வரும்.

மாவு உருண்டை மிஞ்சினால் எண்ணெய் தடவி, காற்றுப் புகாத பையில் ஃபிரீசரில் வைக்கலாம். ஒரு மாதம் வரை நன்றாக இருக்கும். எடுக்கும்போது முதல் நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, மறுநாள் இரண்டு மணி நேரம் வெளியே வைத்து, வழக்கம்போல விரியுங்கள். டாப்பிங்குகள் கொஞ்சம் கொஞ்சம் மிஞ்சியிருந்தால் மறுநாள் காலை ஆம்லெட்டில் போட்டுவிடலாம், ஏற்கெனவே வதக்கி வைத்ததுதானே.